லைனிங்கில் ஏற்றிய கூலி

எஸ்டிமேட் இரண்டு பக்கம் இருந்தது. கடைசி வரியில் 27,696 ரூபாய். கார் பதினோரு வருஷத்து ஹேட்ச்பேக், 86,000 கிலோமீட்டர் ஓடியது. எனக்கு அந்தத் தொகை ஒரு மாத வாடகையும் அரை மாதச் சாப்பாடும். சர்வீஸ் சென்டரின் அட்வைசர் தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, “சஸ்பென்ஷன் மேடம், சேஃப்டி மேட்டர். வேணும்னா சார்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க” என்றார். எந்த சார் என்று நான் கேட்கவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை நாலைந்து பேரிடம் கேட்டேன். “ரொம்ப ஜாஸ்தி”, “ஷோரூம்னாலே அப்படித்தான்”, “எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் பாதி ரேட்டுல முடிச்சுக் குடுப்பான்”. எல்லாரும் தொகையைக் கேட்டார்கள். காருக்கு என்ன, எந்த இடத்தில் சத்தம் வருகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நோய் என்ன என்று கேட்காமல் டாக்டர் பீஸ் அதிகமா குறைவா என்று தீர்ப்புச் சொல்வதுபோல இருந்தது.

சத்தம் முன்பக்கம் வலதிலிருந்து வந்தது. பெரிய பள்ளத்தில் வராது. ஊர்ந்து போகும்போது சின்னச் சின்ன மேடுபள்ளத்தில், டிபன் பாக்ஸுக்குள் ஸ்பூன் ஆடுவதுபோலக் கடகடவென்று வரும். அதோடு இன்னொன்றும் இருந்தது. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் காரின் மூக்கு ஒருமுறை தாழ்ந்து எழுந்து நிற்காது. இன்னும் இரண்டு முறை ஆடிவிட்டுத்தான் அடங்கும்.

இதை நான் பொறுத்துக்கொண்டிருக்கலாம். அம்மாவால் முடியாது. எலும்பு மெலிவில் அவளுக்கு முதுகெலும்பின் ஒரு கண்ணி அழுந்திப் போயிருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் மேடவாக்கத்திலிருந்து கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை வழியாக நங்கநல்லூருக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் ஐந்தாவது வழித்தடம் போகிற அதே சாலை. தடுப்புத் தகரத்துக்கும் சாக்கடை மூடிக்கும் நடுவே மிச்சமிருக்கும் சாலையில் முப்பது நிமிஷம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அம்மா மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். வாய் திறந்து எதுவும் சொல்லமாட்டாள். கைப்பிடி கிரீச்சிடுவது மட்டும் கேட்கும். பிசியோதெரபியில் சரியாவது பாதி வழியிலேயே திரும்பக் கெட்டுவிடுகிறதோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அதனால் இந்த 27,696 நியாயமா இல்லையா என்பதை நானே தெரிந்துகொண்டாக வேண்டும்.

முதலில் அந்த இரும்புகள் என்ன வேலை செய்கின்றன என்று புரிந்துகொண்டேன். ‘ஷாக் அப்சார்பர்’ என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றுகிறது. பள்ளத்தின் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது அது இல்லை, ஸ்பிரிங். காரின் எடையைச் சுமப்பதும் ஸ்பிரிங்தான். ஆனால் ஸ்பிரிங்குக்கு நிறுத்தத் தெரியாது. ஒருமுறை அமுக்கினால் தானாக ஓயும்வரை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. ஒரு குழாய், உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் நுண்ணிய துளைகளோடு ஒரு பிஸ்டன். தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சை மெதுவாக அழுத்தினால் சுலபமாகப் போகும், வேகமாக அழுத்தினால் எதிர்க்கும் இல்லையா, அதே சங்கதி. ஆட்டத்தின் வேகத்தை எண்ணெய் சூடாக மாற்றிக் கரைத்துவிடுகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் எதிர்ப்பு போய்விடும். பிறகு ஸ்பிரிங் இஷ்டத்துக்கு ஆடும், கூடவே அம்மாவின் முதுகும்.

நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக இருக்கும். ஸ்ட்ரட் என்பார்கள். 1940களில் இந்த அமைப்பை வடிவமைத்தவர் ஏர்ல் மெக்பெர்சன். ஜெனரல் மோட்டார்ஸில் இருந்து ஃபோர்டுக்குப் போன அமெரிக்கப் பொறியாளர். மலிவு, இடம் அடைக்காது என்பதால் எழுபது வருஷம் தாண்டியும் அதே ஏற்பாடுதான். தூணின் உச்சியில் ரப்பரும் பேரிங்கும் சேர்ந்த ஒரு மவுன்ட், காரின் உடம்போடு அதைப் பிணைக்கும். கீழே சக்கரத்தைப் பிடித்திருப்பது லோயர் ஆர்ம். அதன் ஒரு முனையில் பால் ஜாயின்ட், மறுபக்கம் ரப்பர் புஷ்கள். வளைவில் கார் ஒருபக்கம் சாயாமலிருக்க இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஒரு கம்பி. அந்தக் கம்பியை ஸ்ட்ரட்டோடு கோர்ப்பது விரல் தடிமனில் ஒரு லிங்க். அவ்வளவுதான். மொத்தம் ஏழெட்டுப் பெயர். ஒரு கூட்டுக்குடும்பத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்று தெரிந்துகொள்வதைவிட இது சுலபம்.

இதற்குப் பிறகுதான் எஸ்டிமேட்டைத் திரும்ப விரித்தேன். முன் ஸ்ட்ரட் இரண்டு 5,800. மவுன்ட் இரண்டு 1,900. பின் ஷாக் இரண்டு 3,500. லோயர் ஆர்ம் இரண்டு 4,800. லிங்க் இரண்டு 1,300. பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், சில்லறை ரப்பர்கள் 1,900. பொருள் மட்டும் 19,200. கூலி தனியாக: ஸ்ட்ரட் மாற்ற 1,800, மவுன்ட் மாற்ற 1,200, பின் ஷாக் 1,000, லோயர் ஆர்ம் 1,600, லிங்க் 500, அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் 1,100. கூட்டினால் 7,200. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,296.

கணக்குப் பிழை எதுவும் இல்லை. வரியும் சரியாகவே போட்டிருந்தார்கள். உதிரிபாகப் பெட்டியின்மேல் அச்சடித்திருக்கும் எம்.ஆர்.பி. எல்லா வரியும் உள்ளடங்கியது. அதற்கு மேல் ஒருவர் ஜிஎஸ்டி சேர்த்தால் ஏன் என்று கேட்கலாம். பெரும்பாலான வாகன உதிரிபாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்தது. அதனால் பழைய விலை அச்சான பெட்டி வந்தால், அதையும் கேட்டுவிடுவது நல்லது.

மறுநாள் திரும்பப் போய், காரை லிப்டில் ஏற்றிக் காட்டச் சொன்னேன். கஸ்டமரை உள்ளே விடுவதில்லை என்றார்கள். வெளியே நின்று பார்க்கிறேன் என்றேன். அரைமணி நேரம் கழித்து ஒரு டெக்னீசியன் பையன் வந்து கூட்டிப்போனான். இருபத்திரண்டு வயதிருக்கும். அட்வைசர் பக்கத்தில் இருந்தவரை “மேடம்”, அவர் போன் பேச நகர்ந்ததும் “அக்கா”.

“இதப் பிடிச்சு ஆட்டிப் பாருங்கக்கா” என்று வலது லிங்க்கைக் காட்டினான். ஆட்டினேன். அதே ஸ்பூன் சத்தம். ஒரு வருஷமாக என்னைத் துரத்திய சத்தத்தை என் கையாலேயே எழுப்பியபோது வந்த நிம்மதியைச் சொன்னால் புரியுமா தெரியவில்லை. வலது ஸ்ட்ரட்டில் எண்ணெய் வழிந்து, புழுதி ஒட்டிச் சேறாகியிருந்தது. லேசான ஈரப்பசை இருந்தால் பயப்பட வேண்டாம், இப்படி வழிந்தால்தான் மாற்றணும் என்றான். இடது ஸ்ட்ரட் காய்ந்திருந்தது. ஆனாலும் ஒரே அச்சில் ஒன்று புதுசு ஒன்று பழசு இருந்தால் பிரேக் போடும்போது இரண்டு பக்கமும் ஒரேமாதிரி நடந்துகொள்ளாது, அதனால் ஜோடியாகத்தான் மாற்றுவார்கள். சரி. லோயர் ஆர்ம் புஷ்களில் ரப்பர் வெடித்திருந்தது. டயருக்கு அடியில் கம்பி கொடுத்து நெம்பிக் காட்டினான். பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இல்லை. பின் ஷாக்கை விரலால் துடைத்து, விரலை என்னிடம் நீட்டினான். வெறும் தூசி.

“அப்புறம் பின்னாடி எதுக்கு மாத்தணும்?”

“கிலோமீட்டர் ஆயிடுச்சுல்லக்கா. மாத்தினா நல்லதுதான்.” கொஞ்சம் நிறுத்தி, “இப்பவே மாத்தணும்னு இல்ல” என்றான், குரலைத் தாழ்த்தி.

அட்வைசரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். ஸ்ட்ரட்டின் தலையில் உட்கார்ந்திருப்பதுதானே மவுன்ட்? ஸ்ட்ரட்டைக் கழற்ற வேண்டுமென்றால் மவுன்ட்டைக் கழற்றித்தானே ஆகவேண்டும்? அப்படியானால் மவுன்ட் மாற்றுவதற்குத் தனியாக 1,200 கூலி எதற்கு? அவர் திரையைப் பார்த்தார். “சிஸ்டம்ல அப்படித்தான் மேடம் வருது.” பொய் சொல்கிற முகம் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண், எண்ணுக்கு ஒரு கூலி. இரண்டு எண்ணைத் தட்டினால் இரண்டு கூலி. சட்டைக்குக் காலர் வைக்க ஒரு கூலி, காலருக்குச் சட்டை வைக்க ஒரு கூலி என்று மெஷின் கேட்டால் தையல்காரர் என்ன செய்வார்.

அடுத்தது எங்கள் தெரு முனையில் இருக்கும் மெக்கானிக் அண்ணன். தகரக் கூரை, ஒரு உதவியாள், இரண்டு ஜாக்கி. அவரும் நெம்பிப் பார்த்தார், அதையேதான் சொன்னார், பின் ஷாக் வேண்டாம் என்பது உட்பட. லோயர் ஆர்மை முழுசாக மாற்ற வேண்டியதில்லை, பால் ஜாயின்ட் நல்லா இருக்கு, புஷ்ஷை மட்டும் லேத் பட்டறையில் அழுத்தி எடுத்துப் புதுசு போடலாம் என்றார். எல்லாம் சேர்த்து பதினாலாயிரம்.

“பிரிச்சுச் சொல்லுங்கண்ணா.”

“பிரிக்கறதுக்கு என்னம்மா இருக்கு? பார்ட்ஸு பன்னெண்டரை. லேபர் ஆயிரத்தி ஐநூறு.”

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். கட்டிலில் படுத்தபடியே, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “லைனிங்ல ஏத்தியிருப்பான்டி.”

அம்மா இருபத்தாறு வருஷம் ஜாக்கெட் தைத்தவள். என் கல்லூரிக் கட்டணம் அந்த மெஷினிலிருந்து வந்தது; ஒருவேளை அவளுடைய முதுகு அங்கேதான் போனதோ என்னவோ. அவளிடம் தைக்க வந்தவர்கள் துணிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். லைனிங் துணி, கொக்கி, நூல் என்று கணக்குச் சொன்னால் மறுபேச்சு இல்லை. தையல் கூலி என்றதும் முகம் மாறும். “அரை நாள் வேலைக்கு இவ்வளவா?” அதனால் அம்மா கூலியை ஊரில் எல்லாரும் வாங்குவதைவிடப் பத்து ரூபாய் குறைத்துச் சொல்லிவிட்டு, லைனிங் மீட்டருக்குக் கொஞ்சம் ஏற்றிவிடுவாள். வாங்குகிறவர்களுக்குச் சந்தோஷம், அவளுக்கும் நஷ்டமில்லை. அந்த ஏற்றத்தை அவள் ஏமாற்றாக நினைத்ததே இல்லை. கை வேலைக்குக் காசு கேட்டால் பிடுங்குகிறாள் என்கிற ஊரில், அதைத் துணிக்குள் மறைத்து வாங்கிக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குப் போனேன். தெரு முழுக்க உதிரிபாகக் கடைகள். கார் மாடலும் வருஷமும் சொன்னால் போதும், கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் பெயர்ப் பலகையைக்கூடப் பார்க்காமல் மேல் அடுக்கிலிருந்து இறக்குவார். அங்கே ஒன்று தெரிந்தது. கார் கம்பெனி ஒவ்வொரு உதிரியையும் தானே செய்வதில்லை. 1961-லிருந்து இந்தியாவில் ஷாக் செய்துவரும் கேப்ரியல் போல, சென்னையிலேயே வளர்ந்த ரானே குழுமம் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் இணைப்புகள் செய்வதுபோல, செய்கிறவர்கள் வேறு. அவர்களுடைய சொந்தப் பெட்டியில் வருவதற்கும் கார் கம்பெனிப் பெட்டியில் வருவதற்கும் விலை வித்தியாசம் உண்டு. அச்சு அசல் பெட்டியில் டூப்ளிகேட் வருவதும் உண்டு, அதனால் பில் தராத கடையில் வாங்கக் கூடாது. புதுப்பேட்டையில் பழைய ஸ்ட்ரட் இன்னும் மலிவாகக் கிடைக்கும். கதவு, கண்ணாடி, பம்பர் என்றால் நானும் அங்கே போவேன். ஆனால் தேய்ந்துபோவதையே வேலையாகக் கொண்ட ஒரு பொருளை ஏற்கெனவே தேய்ந்த நிலையில் வாங்குவதில் எந்த லாபமும் இல்லை.

ஸ்ட்ரட் இரண்டு 4,600, மவுன்ட் 1,600, லிங்க் 960, புஷ் நாலு 720, பம்ப் ஸ்டாப்பும் டஸ்ட் கவரும் 500. மொத்தம் 8,380. லேத்தில் புஷ் அழுத்த 400, வெளியில் அலைன்மென்ட் 600 என்று அண்ணனே சொல்லியிருந்தார். 9,380. அவர் கேட்டது 14,000. அப்படியானால் அவருடைய உண்மையான பங்கு 4,620. அதில் ஆயிரத்து ஐந்நூறைத்தான் கூலி என்று வாய்விட்டுச் சொல்கிறார். மிச்சம் 3,120 லைனிங்.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். பார்ட்ஸை நானே வாங்கிக் கொடுத்து, அவர் வாயால் சொன்ன 1,500-ஐக் கையில் வைத்தால் யாராலும் குறை சொல்ல முடியாது. சொன்ன கூலி, சொன்ன வேலை. இப்படிச் செய்வதைச் சாமர்த்தியம் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் அவர் செய்யப்போவது என்ன? நாலு சக்கரத்தில் இரண்டைக் கழற்றி, அமுக்கிவைத்த ஸ்பிரிங்கை கம்ப்ரஸர் போட்டுப் பிடித்துப் பிரிக்க வேண்டும். பிடி நழுவினால் அந்த ஸ்பிரிங் மண்டையை உடைக்கும். இரண்டு ஆளுக்கு முக்கால் நாள். துருப்பிடித்த போல்ட் ஒன்று அடம்பிடித்தால் முழுநாள். திரும்பச் சத்தம் வந்தால் பிரித்துப் பார்க்க வேண்டியவரும் அவரே.

போய்ச் சொன்னேன். “அண்ணா, பார்ட்ஸ் நான் வாங்கிட்டு வரேன். உங்களுக்கு அதுல நிக்கறது போயிடும், தெரியும். லேபர் மட்டும்னா உண்மையா எவ்வளவு?”

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தார். “லேபர்னு மூவாயிரம் எழுதினா அடிக்க வராங்கம்மா. அதையே பார்ட்ஸ்ல ஏத்தினா பேசாம குடுத்துட்டுப் போறாங்க. நான் என்ன பண்ண?” பிறகு உதவியாளைப் பார்த்தார், காரைப் பார்த்தார். “மூவாயிரத்தி ஐநூறு குடு.”

சரி என்றேன். பேரம் பேசவில்லை. அவருக்கு அது கொஞ்சம் சங்கடமாக இருந்த மாதிரி தெரிந்தது.

காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து மாலை ஐந்துக்கு முடிந்தது. ஆக மொத்தம் 12,880. பழைய ஸ்ட்ரட்டைக் கையில் கொடுத்து, “தண்ட அமுக்குங்க” என்றார். அமுக்கினேன். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய், திரும்பி வராமல் அங்கேயே நின்றுவிட்டது. கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது எங்கேயும் நல்ல பழக்கம். சர்வீஸ் சென்டரிலும் கேட்டால் தருவார்கள்.

அப்புறம் உட்கார்ந்து இரண்டு தொகைக்கும் நடுவே இருக்கும் 14,816 ரூபாயைப் பிரித்துப் பார்த்தேன். என் சொந்தத் திருப்திக்குத்தான். இப்போது தேவையில்லாத பின் ஷாக், அதன் கூலி, வரி எல்லாம் சேர்த்து 4,680. இரண்டு முறை போட்ட மவுன்ட் கூலி வரியோடு 1,416. புஷ் போதும் என்ற இடத்தில் முழு லோயர் ஆர்ம், அதில் வித்தியாசம் 3,680. இதுவே 9,776 ஆகிவிட்டது. ஒரே வேலையை அங்கே செய்வதற்கும் இங்கே செய்வதற்கும் உள்ள வித்தியாசம் மீதி 5,040 மட்டும்தான். அதற்கு லிப்ட் உண்டு, கம்பெனிப் பெட்டி உண்டு, வேலைக்கு வாரன்டி உண்டு, காபி உண்டு. தகரக் கூரை வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு அந்த ஐயாயிரம் அநியாயம் இல்லை. லோயர் ஆர்மையும் நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். லேத்தில் அழுத்திய புஷ் எவ்வளவு நாள் நிற்கும் என்பது அழுத்தியவரின் கையைப் பொறுத்தது, அதற்கு ஒரு கம்பெனி உத்தரவாதம் தர முடியாது. பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்திருந்தால் நானே முழு ஆர்மும் மாற்றச் சொல்லியிருப்பேன். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். அங்கே சிக்கனம் பேசக்கூடாது.

“ரொம்ப ஜாஸ்தி” என்று சொன்ன எல்லாரும் அந்த ஐயாயிரத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாயிரத்து எழுநூறு பட்டியலுக்குள் பேசாமல் உட்கார்ந்திருந்தது. ரேட்டில் பத்து சதவீதம் தள்ளுபடி கேட்டிருந்தால் அட்வைசர் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார், நானும் ஜெயித்த மாதிரி வந்திருப்பேன், பின் ஷாக் இரண்டும் கூடவே வந்திருக்கும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா கோவிலம்பாக்கம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கை மடியில் கிடந்தது. நங்கநல்லூரில் எழுப்பியபோது, “எவ்வளவுடி கூலி குடுத்தே?” என்றாள். சொன்னேன். “மூவாயிரத்தி ஐநூறா!” என்று கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். அவளுடைய காலத்து விலையில் எத்தனை ஜாக்கெட் என்று கணக்குப் போட்டிருப்பாள். “குடுக்க வேண்டியதுதான்” என்று முடித்துக்கொண்டாள்.

பின் ஷாக்கை மாதத்துக்கு ஒருமுறை, முதல் ஞாயிற்றுக்கிழமை, செல்போன் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் அண்ணன். போன வாரம் குனிந்து பார்த்தபோது இடதுபக்கம் ஒரு கோடு போல ஈரம். துணியால் துடைத்துவிட்டு, தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் மறுபடி ஈரமாக இருந்தால் ஒரு ஜோடி வாங்க வேண்டும். அதற்குக் கூலி தனியாகக் கேட்டு வைத்தாயிற்று: எழுநூறு.